காய்ச்சலில் வாய் கசப்பது ஏன்

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. ஒரு வயிற்றில் குடியேறுவதற்கு முன் அவை குரல் கொடுத்து அனுமதி கேட்கும். மனிதர்களுக்கும் அது காதில் விழும். பிடித்தால் இருக்கச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் போகச் சொல்வார்கள்.

எருமை மேய்க்கும் காமாயியின் குடலில் குழைச்சி என்றொருத்தி குடியிருந்தாள். காமாயிக்குச் செரிக்காத நாரையும் தவிட்டையும் தின்று, அதிலிருந்து கொஞ்சம் சத்தைப் பிரித்துக் காமாயிக்கே கொடுப்பாள். சாப்பிட்டு முடித்ததும் காமாயி வயிற்றைத் தடவி, "குழைச்சி, உனக்குப் போதுமா தாயி?" என்று கேட்காமல் கை கழுவமாட்டாள்.

குழைச்சியின் தங்கை துருவி குளத்துச் சேற்றில் கிடந்தாள். ஒருநாள் காமாயி குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது அதோடு உள்ளே போனாள். அனுமதி கேட்கவில்லை. அக்கா வீடுதானே என்று இருந்துவிட்டாள்.

"வாடி, இளைச்சுப் போயிட்டியே," என்றாள் குழைச்சி. "ஓரமா உக்காரு. இருக்கறதைத் தின்னு. அந்தச் சுவத்துப் பக்கம் மட்டும் போகாதே."

"சுவத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாது. நான் போனதில்லை."

துருவி நம்பவில்லை. இத்தனை காலமாக இருக்கிறாளாம், அடுத்த அறையில் என்ன இருக்கிறதென்று தெரியாதாம். சேறு தின்று வளர்ந்தவளுக்கு அக்கா நீட்டிய நார் மோசமில்லைதான், பசியும் அடங்கியது. ஆனால் வேளைக்கு வேளை மேலிருந்து அந்தக் குரல் வரும். "உனக்குப் போதுமா தாயி?" அது தனக்கில்லை என்று நினைக்கும்போதெல்லாம் துருவிக்கு உள்ளே எரிந்தது.

"என்னைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்," என்று கேட்டுப் பார்த்தாள்.

"நீயே கேளுடி. கடிச்சிரமாட்டா."

கேட்டு, போ என்று சொல்லிவிட்டால்? துருவி கேட்கவில்லை. சத்தம் காட்டாமல் பெருகினாள். ஒருத்தி பலராகி, பலர் கூட்டமானார்கள். தெம்பு வந்ததும் சுவரைத் துளைத்தாள்.

அந்தப் பக்கம் சிவப்பாக ஓர் ஆறு ஓடியது, வெதுவெதுப்பும் இனிப்புமாக. இதைத்தானே ஒளித்து வைத்திருந்தாய் என்று அக்காவை வைதுகொண்டே குடித்தாள். ஆற்றில் காவலுக்கு நின்றவர்கள் திரண்டு வந்தார்கள். காமாயிக்கு உடம்பு உதறியது. எருமைகளை அப்படியே விட்டுவிட்டு மரத்தடியில் சுருண்டு படுத்தாள்.

"யாரது, என் ரத்தத்துல?" என்றாள்.

துருவி தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில் அவளுக்கு வேறொன்று தோன்றியது. கூடப் பிறந்தவள், அக்காவின் குரல் அவளுக்கு அத்துப்படி. அதே குழைவோடு சொன்னாள்: "நான்தான் ஆத்தா. குழைச்சி."

"உனக்கா நான் சோறு போட்டேன்," என்றாள் காமாயி.

"ஆத்தா, அது நான் இல்லை," என்று குடலிலிருந்து குழைச்சி கூப்பிட்டாள். ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தால் எதை நம்புவது? காமாயி உள்பக்கம் திறந்திருந்த காதை அடைத்துக்கொண்டாள். நாக்கில் கசப்பைப் பூசி, ஒரு பருக்கைகூட உள்ளே இறங்காதபடி வாசலைச் சாத்தினாள். பிறகு உடம்பையே அடுப்பாக மூட்டினாள்.

துருவியின் கூட்டம் வெந்து விழுந்தது. எஞ்சிய துருவி மட்டும் தான் போட்ட துளை வழியே குடலுக்குள் வந்து விழுந்தாள். குழைச்சிக்கும் பட்டினிதான். ஆனாலும் அவள் ஓடவில்லை. இன்னொருத்தி நுழையாதபடி அந்தத் துளையில் தன்னையே அடைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"உன் பேரைக் கெடுத்தேன்ல, திட்டேன்டி," என்றாள் துருவி.

"தள்ளிப் போ. வேலை கிடக்கு."

காமாயி காய்ச்சல் வேகத்தில் பிதற்றிக்கொண்டிருந்தாள். "குழைச்சி, பாவி, உன்னைத் தாயின்னு கூப்பிட்டேனே. குழைச்சி... குழைச்சி..." தன் பெயர் ஒருமுறையாவது வருமா என்று துருவி காத்திருந்தாள். வரவில்லை. வசவுகூட அக்காவுக்கே போயிற்று.

வயிறு கழிந்தபோது துருவி அதோடு வெளியேறிக் குளத்துக்கே போய்ச் சேர்ந்தாள். இன்னும் ஒவ்வொரு வயிறாகக் கேட்காமல் நுழைந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

காமாயி பிழைத்தாள். கஞ்சி குடித்தாள். குழைச்சிக்கு உரியதும் இறங்கியது. போதுமா என்ற கேள்வி மட்டும் இறங்கவில்லை.

காய்ச்சல் கண்டவருக்கு வாய் கசந்து சோறு பிடிக்காமல் போவதும், வயிற்றுக்குள் நமக்காகப் பாடுபடுகிறவர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் நம் காதில் விழாததும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.