சங்கு நண்டின் வீடு

அந்தக் காலத்தில், கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவையும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, எல்லா நண்டுகளுக்கும் முதுகில் கெட்டியான ஓடு இருந்தது. சங்குக்குள் வாழும் பூச்சிக்கும் அப்போது வேறு வழக்கம். வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போகும். வேலை முடிந்ததும் வந்து நுழைந்துகொள்ளும்.

அந்தக் கரையில் ஒரு குருசடி இருந்தது. மணல்மேட்டில் நட்ட மரச்சிலுவை, அதன் அடியில் ஒரு தட்டைக் கல். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரங்களில் ஒவ்வொரு உயிரும் தினமும் எதையாவது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். தன்னிடம் இருப்பதில் நாளுக்கு ஒன்று குறைந்தால்தான் வரப்போகும் பிள்ளைக்கு உள்ளே படுக்க இடம் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பொருளாகக் கொடுக்கலாம், உழைப்பாகக் கொடுக்கலாம். யாருக்கு என்று தெரியாவிட்டால் குருசடிக் கல்லில் வைத்துவிட்டுப் போகலாம். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். எடுத்தது யார் என்று கேட்கக் கூடாது.

அந்த வருஷம் வாடைக்காற்று நிற்கவேயில்லை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பல குடிசைகளில் அடுப்பு புகையவில்லை. கல்லில் வைத்த எதுவும் நெடுநேரம் அங்கே கிடக்கவில்லை.

பாறை இடுக்கில் இருந்த ஒரு நண்டு நாள் தவறாமல் கல்லுக்கு வந்தது. ஒரு நாள் அலை ஒதுக்கிய கயிற்றுத் துண்டு. இன்னொரு நாள் கடற்பறவை தவறவிட்ட மீன். அடுத்த நாள் பக்கத்துப் பொந்துக்காரன் சேர்த்து வைத்திருந்த பாசி. அது பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கொண்டுவருவதைப் பார்த்தவர்கள், இந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு மனசு என்றார்கள்.

சிலுவையின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"என்ன மாப்ளே, இன்னைக்கு யாரு வீட்டுச் சாமான்?"

"யாரு வீட்டுதா இருந்தா என்ன? சுமந்துட்டு வாறது நாந்தான?"

"அப்ப உனக்குச் சுமைகூலிதான் கிடைக்கும்" என்றது காக்கை. "இத்தனை நாளா குடுக்க. உன் ஒடம்புல ஒரு சுத்துக்கூடக் குறையலையே."

நண்டு தன் இடுக்குக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு அதற்குள் கிடந்து உறுத்தியது.

நண்டுக்குப் பக்கத்தில் ஒரு சங்குப்பூச்சி குடியிருந்தது. வயதில் மூத்தது, நண்டு அதை அக்கா என்று கூப்பிடும். அது கல்லில் எதையும் வைத்து யாரும் பார்த்ததில்லை. பாறைகளுக்கு அப்பால், கடல் உள்வாங்கும்போது தேங்கும் பள்ளத்தில், தூண்டில் முள் ஏறிய திருக்கை ஒன்று செத்துக்கொண்டிருந்தது. சங்குப்பூச்சி தினமும் அங்கே போய் அதன் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுப் பக்கத்தில் இருந்துவிட்டு வரும். போகும் வழி குறுகலான வெடிப்பு. வீட்டோடு நுழைய முடியாது. ஆகவே வீட்டை நண்டின் வாசலில் விட்டுப் போகும்.

"பாத்துக்கோல. தண்ணி ஏறுறதுக்குள்ள வந்துருவேன்."

"போயிட்டு வாக்கா. நான் எங்க போகப்போறேன்."

கடைசி நாள் வந்தது. மறுநாள் பிறப்பு. அன்று நண்டு கரை முழுக்க அலைந்தது. பசித்தவர்கள் எல்லாவற்றையும் பொறுக்கிப்போயிருந்தார்கள். மணல் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. வெறுங்கையோடு திரும்பியபோது வாசலில் சங்கு இருந்தது. வெள்ளை வெளேரென்று, உள்ளே இளஞ்சிவப்பாக. நண்டு அதைச் சுற்றிவந்தது. கல்லில் வைப்போம், நாலு பேர் பார்க்கட்டும், அக்கா வருமுன் திரும்ப எடுத்து வந்துவிடலாம் என்று நினைத்தது. கொடுத்ததாகவும் இருக்கும், எதுவும் போனதாகவும் இருக்காது.

கல்லில் சங்கைப் பார்த்தபோது காக்கை தலையைச் சாய்த்தது. "இது பெரிய சாமான்தான்" என்றது. நண்டுக்கு அது போதுமாக இருந்தது. இழுத்து வந்த களைப்பில் செவுளை நனைத்துக்கொள்ள அலையோரம் போனது. திரும்பி வந்தபோது கல் காலியாக இருந்தது.

"யாரு எடுத்தா?"

"கேக்கக் கூடாதுல்லா" என்றது காக்கை. "வழக்கம் உனக்குத் தெரியாதா?"

அன்று சங்குப்பூச்சி சீக்கிரமே திரும்பிவிட்டது.

"திருக்கை போயிட்டுல. கடைசியில ரொம்பப் பாடுபடல" என்றது. பிறகு அங்குமிங்கும் பார்த்தது. "எங்கல என் வீடு?"

நண்டு நடந்ததைச் சொன்னது. சங்குப்பூச்சி திட்டவில்லை.

"சொல்லிட்டு எடுத்திருக்கலாம்லா" என்றது.

மேலே வெயிலும் காற்றும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கடலுக்குள் போனாலும் திருக்கை கிடந்த பள்ளத்துக்குத் திரும்பினாலும், தண்ணீர் ஏறும்போது ஓடில்லாத உடம்பை மீன்கள் விட்டுவைக்காது. நண்டு மணலைத் தோண்டி அதைப் படுக்கவைத்தது. நிழலுக்கு எதுவும் இல்லை. இரண்டு கொடுக்குகளையும் பின்னால் வளைத்து, தன் முதுகு ஓட்டைப் பிடித்து இழுத்தது. ஓடு ஒரு பக்கமாகப் பிய்ந்து வந்தது. அதைச் சங்குப்பூச்சியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கல்லிலிருந்து போன காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அதன் முதுகில் மணல் ஒட்டி எரிந்தது.

தடம் கித்தேரி என்ற பெண்ணின் குடிசையில் போய் முடிந்தது. கித்தேரியின் புருஷன் கடலோடு போய் மாதங்கள் ஆகியிருந்தன. பட்டினியில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. மடியில் காய்ச்சல் கண்ட பிள்ளை. யாரோ கொடுத்த ஆட்டுப்பாலைச் சங்கில் ஊற்றி, அதன் மூக்கைப் பிள்ளையின் உதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சங்கு..." என்றது நண்டு.

"குருசடியில எடுத்தேன். நீயா வச்ச? நல்லா இருப்ப. துணியில நனைச்சு வச்சுப் பாத்தேன், வாயே திறக்கல. இதுல குடிக்கான் பாரு."

"அது எனக்குத் திரும்ப வேணும்."

கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள். கல்லில் வைத்ததை யாரும் திருப்பிக் கேட்டு அவள் அறிந்ததில்லை.

"விடியட்டுமா? ராத்திரி முழுக்கக் குடிச்சாத்தான் காய்ச்சல் இறங்கும். இல்ல, இப்பவே வேணும்னாலும் சொல்லு. தந்துருதேன். வச்சது நீ."

பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. சங்கு தன்னுடையது இல்லை என்று நண்டால் சொல்ல முடியவில்லை.

"கேட்டுட்டு வாறேன்" என்றது.

"யார்ட்ட கேக்கணும்?"

நண்டு அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தது.

ஓட்டுக்கு அடியில் சங்குப்பூச்சியின் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"கிடைச்சிச்சா?"

"கித்தேரி வீட்டுல இருக்கு. பச்சப்பிள்ள அதுல பால் குடிக்குது. விடியிற வரைக்கும் கேக்கா. நீ சொன்னா இப்பவே வாங்கிட்டு வந்துருதேன்க்கா."

தண்ணீர் ஏறும் நேரம், ஆனால் அலை இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

"ஆம்பளப் பிள்ளையா?"

"ஆமா."

"குடிக்கானா?"

"குடிக்கான்."

"அப்ப இருக்கட்டும்."

நண்டு நனைந்த மணலை அள்ளி வந்து சுற்றிலும் போட்டது. மறுபடி போய் அள்ளி வந்தது.

"மேல என்னல கனமா இருக்கு?"

"என் ஓடுக்கா."

"அதானா" என்றது சங்குப்பூச்சி. "ஒனக்கு எரியலையா?"

"இல்லக்கா."

ஊர் பூசைக்குப் போயிற்று. நண்டு போகவில்லை, அலைக்கும் அக்கா கிடந்த மணல்குழிக்குமாக நடந்துகொண்டிருந்தது. பிறப்பு மணி அடித்தபோது, "அக்கா, மணி கேக்குதா?" என்றது. பதில் வரவில்லை. ஆனாலும் மணல் அள்ளிப் போடுவதை நிறுத்தவில்லை.

காலையில் கித்தேரி சங்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கல்லில் வைத்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தான். நண்டைக் கண்டதும், "காய்ச்சல் விட்டுட்டு" என்றாள். "நீ வச்சதுதான் காப்பாத்திச்சு."

காக்கை இருவரையும் பார்த்தது.

நண்டு சங்கைப் பாறைக்கு இழுத்துப்போயிற்று. கவிழ்த்திருந்த ஓட்டைத் தூக்கிப் பார்த்தது. காய்ந்த பாசித் துணுக்குபோல ஏதோ மணலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் ஓட்டை எடுத்து முதுகில் வைத்தது. அது ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. வெயில் ஏறியது. மேலே கடற்பறவைகள் வட்டமிடத் தொடங்கின. நண்டு அன்று முழுக்கச் சங்குக்கு வெளியிலேயே நின்றது. முதுகு வெந்து நிற்க முடியாமல் போனபோது, சங்கின் வாயருகே குனிந்து, "அக்கா" என்று கூப்பிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு திரும்பி நின்று, பின்பக்கமாக மெல்ல உள்ளே போயிற்று.

அந்த நாளுக்குப் பிறகு எந்தச் சங்குப்பூச்சியும் உயிர் இருக்கும்வரை வீட்டைக் கழற்றி வைத்ததில்லை. அன்று முதல்தான் அந்த நண்டின் வம்சமான சங்கு நண்டு ஓடில்லாத முதுகோடு பிறக்கிறது, செத்தவர் வீட்டைச் சுமந்து திரிகிறது. உடம்பு பெருத்து வேறு சங்கு தேடும்போதும் அது சட்டென்று நுழைவதில்லை. வாசலில் நின்று, கொடுக்கை உள்ளே விட்டு, யாராவது இருக்கிறார்களா என்று நெடுநேரம் தடவிப் பார்க்கிறது.