தவமணியின் அரை நாள்

ஒரு வழக்கு சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். ஆனால் பாதியிலேயே குருவம்மாளைத் திட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். பொறாமைப்படாத மனுஷரை நான் இதுவரை பார்த்ததில்லை, கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

ராஜபாளையத்துக்குத் தெற்கே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி. முழு நாள் வேலை பார்க்கிறவர்களுக்கு அங்கே குடும்பத்துக்கே மருத்துவ அட்டை உண்டு. அரை நாள் ஆட்களுக்குக் கிடையாது. ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தார்கள்: பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் வரை, தாய் அரை நாள் வேலை பார்த்தாலும் அட்டை உண்டு. அப்படி இடம் நாலே நாலுதான். பிள்ளையின் படிப்பு நின்றுபோனால், அது தனக்குத் தெரியவந்த முப்பது நாளுக்குள் தாய் ஆபீசில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் முழு நாளுக்கு மாற்றிவிடுவார்கள், அட்டைக்கு ஆபத்தில்லை. காலியான இடம் வரிசையில் அடுத்தவளுக்குப் போகும். தெரிந்தும் மறைத்தால் அட்டை பறிபோகும்.

அந்த நாலு இடத்தில் ஒன்று தவமணியுடையது. மகன் இசக்கிராஜா பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். கணவருக்குச் சிறுநீரகம் பழுது, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அட்டை இல்லாவிட்டால் அந்த மனுஷர் இல்லை, அவ்வளவுதான்.

தவமணிக்கு எதிரே உட்கார்ந்து துணி மடிப்பவள் குருவம்மாள். அவள் மகள் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்தாள். ஆகவே காத்திருப்போர் வரிசையில் குருவம்மாளுடையதுதான் முதல் பெயர். காலேஜ் விட்டு வந்து அந்தப் பெண்தான் உலை வைக்கிறது, துணி துவைக்கிறது. புத்தகத்தைத் திறக்கும்போது தூக்கம் வந்துவிடுகிறது. குருவம்மாளுக்கும் அரை நாள் தேவைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தேவை வேறு, வயிற்றெரிச்சல் வேறு. ஒரு மணிக்குத் தவமணி எழுந்தால் போதும், இவள் "மகாராணி கிளம்பிட்டா" என்று பக்கத்திலிருப்பவளிடம் முணுமுணுப்பாள். தவமணிக்கு நோயாளிப் புருஷன் இருப்பதுகூட அவள் கண்ணுக்கு ஒரு சலுகையாகத்தான் தெரிந்தது.

ஆடி பிறந்த அன்று, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பஞ்சர் கடையில் குருவம்மாள் இசக்கிராஜாவைப் பார்த்தாள். கையெல்லாம் கிரீஸ்.

"சித்தி, அம்மாட்ட சொல்லிராதீங்க. ஏகப்பட்ட அரியர். காலேஜுக்குப் போறதையே விட்டுட்டேன், இனிமே போகவும் மாட்டேன்" என்றான்.

"நான் எதுக்குப்பா சொல்லப்போறேன்?" என்றாள் குருவம்மாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். வீட்டுக்கு வந்து காலண்டரில் அந்தத் தேதிமேல் ஒரு புள்ளி மட்டும் வைத்தாள்.

பதினைந்து நாள் கழித்து, தவமணி கையில் ஒரு புது டிராயிங் போர்டோடு வேலைக்கு வந்தாள். மடிப்பு மேஜையில் எல்லாருக்கும் காட்டினாள். "எரவல் வாங்கி எரவல் வாங்கியே வரஞ்சிட்டிருந்தான். அவனுக்குத் தெரியாம வாங்கியிருக்கேன்" என்றாள். குருவம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றாள்.

முப்பது நாள் தாண்டிய மறுநாள் காலையில் குருவம்மாள் மேனேஜர் சௌந்தரபாண்டியன் முன்னால் போய் நின்றாள். "தவமணி மகன் படிப்ப விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார். மறைச்சு வச்சிருக்கா."

மேனேஜர் தாயையும் மகனையும் வரச் சொன்னார். மகன் ஒப்புக்கொண்டான்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் தவமணி.

"தினமும் சோறு கட்டிக் குடுக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள் குருவம்மாள்.

"அம்மாவுக்குத் தெரியாது. சித்திக்குத்தான் ஆடி ஒண்ணாம் தேதியே தெரியும்" என்றான் மகன்.

இப்போது சொல்லுங்கள். மகன் மறைத்தான். தாய் தெரியாது என்கிறாள். குருவம்மாள் படிப்பு நின்றதைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. தவமணியின் அட்டை பறிபோக வேண்டுமா? அந்த அரை நாள் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மேனேஜர் மடிப்பு மேஜையில் விசாரித்தார், டிராயிங் போர்டு விஷயம் வெளியே வந்தது. படிப்பை விட்டது தெரிந்த தாய், மகனுக்கு டிராயிங் போர்டு வாங்கமாட்டாள். ஆகவே தவமணிக்கு விஷயம் தெரியவந்தது மகன் ஒப்புக்கொண்ட அன்றைக்குத்தான், முப்பது நாள் தொடங்குவதும் அன்றைக்குத்தான். அட்டை தப்பியது. அவள் முழு நாளுக்கு மாறினாள், தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு மகனுக்கு வந்தது. அரை நாள் குருவம்மாளுக்கே. வரிசையில் முதல் பெயர் அவளுடையது, மகள் படிக்கிறாள், மனசை அளந்து பார்க்க விதியில் இடமில்லை. உத்தரவில் கையெழுத்துப் போடும்போது மேனேஜர் ஒன்று கேட்டார்: "ஆடி ஒண்ணாம் தேதியே வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே இந்த எடம் ஒனக்குத்தானேம்மா? எதுக்கு ஒரு மாசம் பொறுத்த?" குருவம்மாள் தவமணி பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எடம் மட்டும் போனா எனக்கு ஆறாது சார். அட்டையும் போகணும்னு இருந்தேன்."