தென்கரைக்காகக் கொத்திய நாற்பது துளைகள்

கோரைக்குளத்து விலங்குகள் ஒரு காலத்தில் கூடிப் பேசித்தான் எதையும் முடிவு செய்தன.

கோடையில் அந்தக் காட்டில் தண்ணீர் நிற்கும் இடம் அந்த ஒரு குளம்தான். வெயில் தாழ்ந்ததும் எல்லா விலங்குகளும் அங்கே குடிக்க வரும். குடித்துவிட்டு மருதமரத்தடியில் கூடும். கூட்டத்தைக் கூட்டுவது ஆட்காட்டிக் குருவி. "வாங்க! வாங்க! இன்னிக்கு ஒரு விஷயம் இருக்கு!" என்று அது குளத்தைச் சுற்றிப் பறந்து கத்துகிற கத்தலில், தூங்குகிற உடும்புகூட எழுந்து வந்துவிடும்.

அவையல்லவா கூட்டங்கள்! மான் ஒன்று சொல்லும். பன்றி அதற்கு உறுமும். முயல் நடுவில் குதித்து, "நிறுத்துங்க! நீங்க சொல்றதுக்கு என்ன அர்த்தம்? அதை முதல்ல சொல்லுங்க!" என்று எல்லாரையும் மடக்கும். ஒருமுறை யாரோ "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லப்போக, எத்தனை நாள் என்று கேட்டே முயல் மூன்று மாலைகளை ஓட்டிவிட்டது. சில விலங்குகள் கோபித்துக்கொண்டு போயின. போனவை மறுநாளும் வந்தன.

எல்லாம் முடியப்போகும் நேரத்தில்தான் ஆமை மூச்சு வாங்க வந்து சேரும்.

"ஆமையக்கா வந்தாச்சு! மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க!"

இன்னொரு தடவை சொல்லும்போதுதான், சொன்னவருக்கே தன் பேச்சில் இருந்த பிசகு தெரியும். எத்தனையோ தப்பான முடிவுகள் ஆமையின் தாமதத்தால் நின்றுபோயின.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் பன்றித் தலைவன் ஒரு கோரிக்கை வைத்தது.

"தென்கரையில கோரைக்கிழங்கு மண்டிக் கிடக்கு. அதை நாங்க கிளறிக்கலாமா?"

"தென்கரை மணல்லதானே ஆமையக்கா முட்டை இடுது?" என்று முயல் கேட்டது.

"ஆமாம்! ஆமாம்! கூடாது!" என்று கூட்டம் எழுந்தது. கோரிக்கை அங்கேயே படுத்துவிட்டது.

பன்றி அதை மறக்கவில்லை. அடுத்த கோடையில் அது மரங்கொத்தியை நாடியது. பட்டுப்போன மரங்களைத் தன் கூட்டத்தோடு முட்டிச் சாய்த்துக் கொடுத்தது. சாய்ந்த மரமெல்லாம் கொழுத்த புழு. மரங்கொத்திக்கு வயிறு நிறைந்தது. பன்றியின் பேச்சும் இனித்தது.

மறுநாள் முதல் மரங்கொத்தி வீடு வீடாகப் பறந்தது.

"எதுக்கு எல்லாரும் நடந்து போய்த் தொண்டை கிழியக் கத்தணும்? நானே உங்க வாசலுக்கு வர்றேன். ஒரே ஒரு கேள்வி. ஆமான்னா வேங்கைமரத்துல ஒரு துளை போடுவேன். இல்லைன்னா போடமாட்டேன். வேலை முடிஞ்சுது!"

"இது நல்லா இருக்கே!" என்றது மான்.

"தென்கரை சுத்தமா இருக்கணுமா?"

"பின்னே? இருக்கணும்தான்!"

டொக்! ஒரு துளை விழுந்தது.

மரங்கொத்தி முயலிடம் போனது. "தென்கரை சுத்தமா இருக்கணுமா?"

"சுத்தம்னா என்ன? யாரு பண்ணப்போறா? எப்படிப் பண்ணப்போறா?"

"அதெல்லாம் என் கேள்வியில இல்லை, தம்பி. ஆமாவா, இல்லையா?"

"முழுசாச் சொன்னாத்தானே சொல்ல முடியும்? எனக்குத் தெரியலை."

"தெரியலைங்கிறதுக்கு மரத்துல இடமில்லை!" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்தது. முயல் கணக்கிலேயே வரவில்லை.

கடைசியாக அது ஆமையின் பொந்துக்கு வந்தது. ஆமை அப்போதுதான் தென்கரையில் இரண்டு குழிகள் தோண்டி, முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பியிருந்தது. ஒரு குழி கிழக்கு ஓரத்தில். இன்னொன்று தாழம்புதர் அடியில்.

"பாவம்மா நீங்க! உங்களை ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடக்கவச்சுக் கொன்னுட்டாங்களே!" என்றது மரங்கொத்தி.

ஆமைக்குக் கண் கலங்கியது. இத்தனை வயதில் யாரும் தன் வாசலுக்கு வந்து தன்னிடம் கருத்துக் கேட்டதில்லை.

"என்ன கேக்கணுமோ கேளுப்பா."

"தென்கரை சுத்தமா இருக்கணுமா?"

முட்டைகள் இருக்கிற இடமாயிற்றே! "நல்லாச் சுத்தமா இருக்கணும்!" என்று ஆமை அழுத்தமாகச் சொன்னது.

டொக்!

இரண்டு நாளில் மரங்கொத்தி வேங்கைமரத்தின் உச்சியில் ஏறி அறிவித்தது.

"நாற்பது துளை! வேண்டாம்னு ஒருத்தர்கூடச் சொல்லலை! தென்கரையைச் சுத்தம் பண்ணும் பொறுப்பு நாளை முதல் பன்றிகளுக்கு! இது காட்டின் கருத்து!"

ஒவ்வொரு விலங்கும் தன் புதரில் இருந்தபடியே அதைக் கேட்டது. 'பன்றிகளா? நான் அப்படிச் சொல்லலையே. சரி, மத்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க போல' என்று நினைத்து வாயை மூடிக்கொண்டது.

ஆட்காட்டிக்கு மட்டும் பொறுக்கவில்லை. அன்று மாலை அது குளத்தை ஏழு சுற்றுச் சுற்றிக் கத்தியது. "வாங்க! வாங்க! விஷயம் இருக்கு!"

தண்ணீர் குடித்த மான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதான் மரங்கொத்தி கேட்டுட்டுப் போயிடுச்சே, அண்ணே! இன்னும் எதுக்குக் கூட்டம்?"

உடும்பு பொந்திலிருந்தே சொன்னது: "வேணும்னா மரங்கொத்தியை அனுப்புங்க. இங்கேயே சொல்லிடறேன்."

மருதமரத்தடியில் முயல் மட்டும் வந்து நின்றது. ஆட்காட்டியும் முயலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நூறு வாய்கள் ஒன்றாகக் கத்திய இடத்தில் இலை விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் பன்றிகள் தென்கரைக்கு வந்தன. கிழக்கு ஓரத்தில் மூக்கை வைத்ததுமே குழி கிடைத்துவிட்டது.

ஆமை குளத்தின் நடுவிலிருந்து அதைப் பார்த்தது. பதறியடித்துக்கொண்டு நீந்தியது. கரையேறியபோது மணலில் வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

"அடப்பாவிகளா! அது என் பிள்ளைங்க!"

பன்றித் தலைவன் வாயைத் துடைத்துக்கொண்டது. "எங்களை ஏம்மா திட்டுறீங்க? மரத்தைப் போய்ப் பாருங்க. உங்க துளையும் அதுல இருக்கு. வெயில் தாழட்டும். அடுத்து அந்தத் தாழம்புதரையும் சுத்தம் பண்ணிடறோம்."

ஆமை வேங்கைமரத்தடிக்கு ஊர்ந்து போனது. "என் துளையை மூடுப்பா! நான் இதுக்குச் சரின்னு சொல்லவே இல்லை!"

"விழுந்த துளையை மூட முடியாதும்மா. அதோட, எது உங்க துளைன்னு எனக்கே அடையாளம் தெரியாது" என்றது மரங்கொத்தி.

ஆட்காட்டி அந்தப் பக்கமாகப் பறந்து வந்தது. ஆமையைக் கண்டதும் அதற்குப் பொங்கிவிட்டது.

"தொண்டை வறளக் கூப்பிட்டேனே! நீங்ககூட வரலையே, அக்கா!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே நீட்டியது.

"வரலைதான். என்னைத் தேடி வந்து கேட்டான்னு பூரிச்சுப்போயிட்டேன். இப்ப என்ன செய்யட்டும்?"

ஆட்காட்டியின் குரல் இறங்கியது. "மருதமரத்தடிக்கு இனி யாரும் வரமாட்டாங்க. ஆனா தண்ணி குடிக்க வராம இருக்க முடியாது. நீங்க தாழம்புதர்கிட்டப் போய் உக்காருங்க. வர்றவங்களை நான் அங்கே திருப்பி விடறேன்."

ஆமை போய் இரண்டாவது குழியின் மேலேயே படுத்துக்கொண்டது. மதியம் முழுக்க அது அசையவில்லை. வெயில் சாய்ந்தது. முதலில் மான் வந்தது.

"மானே, என்கிட்ட மரங்கொத்தி 'தென்கரை சுத்தமா இருக்கணுமா'ன்னு மட்டும்தான் கேட்டான். உங்கிட்ட என்ன கேட்டான்?"

மானின் காதுகள் நிமிர்ந்தன. "அதேதான்! பன்றியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே!"

"என்கிட்டயும் இல்லை!" என்றது பின்னால் வந்த உடும்பு. "அப்போ பன்றி வேணும்னு சொன்னது யாரு?"

"நீ சொன்னேன்னு நான் நினைச்சேன்!"

"நான் நீ சொன்னேன்னு நினைச்சேன்!"

"யாருமே சொல்லலை! இதைத்தான் நான் அன்னிக்கே கேட்டேன், 'யாரு பண்ணப்போறா'ன்னு!" என்று முயல் துள்ளியது. "அதுக்கு அவன் மரத்துல இடமில்லைன்னுட்டான்!"

சத்தம் கூடியது. சத்தம் கேட்டு இன்னும் பல விலங்குகள் வந்தன. மயில் கத்தியது. மான் காலை உதைத்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு மான் பேசும்போதே குறுக்கே பேசியது. பழைய கூட்டங்களில் கேட்ட அதே சண்டை! ஆட்காட்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது.

பன்றிகள் வந்தபோது தாழம்புதரைச் சுற்றி இடமே இல்லை.

"விலகுங்க! மரத்துல நாற்பது துளை இருக்கு!" என்று பன்றித் தலைவன் உறுமியது. "ரெண்டே நாள்ல எல்லாருக்கும் கருத்து மாறிடுச்சா?"

மான் ஒரு அடி முன்னால் வந்தது.

"மாறலை. இப்பத்தான் சொல்றோம்."

பன்றி மரங்கொத்தியைத் தேடி அண்ணாந்து பார்த்தது. மரங்கொத்தி ஒரு கிளையில் இறங்கி, "ஒவ்வொருத்தரா வாங்க, நான் தனித்தனியாக் கேட்டுக்கறேன்" என்று ஆரம்பித்தது. ஒரு விலங்கும் இடத்தை விட்டு நகரவில்லை. பன்றிகள் சற்று நேரம் மணலை முகர்ந்தபடி நின்றன. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போயின.

இரண்டு மாதம் கழித்துத் தாழம்புதர் அடியிலிருந்து ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்து தண்ணீரில் இறங்கின. கிழக்கு ஓரத்துக் குழியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆமை அந்தப் பக்கம் நீந்தும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும்.

பிறகும் மாலைகளில் கூட்டம் நடந்தது. பழைய கூட்டம்போல் இல்லைதான். வீட்டிலேயே இருந்து பதில் சொல்லும் சுகத்தைக் கண்டவை பாதிதான் திரும்பி வந்தன. ஆனாலும் வந்தவை கத்தின.

கேள்வியைத் திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் நாம் சொல்லும் பதில், கேட்டவனுக்கே சொந்தமாகிவிடும்.