உரலடியில் ஊமைச் சண்டை

உட்காருங்கள். இன்று எனக்கே உடம்பு முடியவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுவேன்.

முன்னொரு காலத்தில், ஜப்பான் தேசத்து மலையூர் ஒன்றில், கென்சோ என்ற பலகாரக்காரனும் அவன் மனைவி ஒதானேயும் இருந்தார்கள். மோச்சி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. மோச்சி என்றால் வேறொன்றுமில்லை. ஒட்டும் அரிசியை ஆவியில் வேகவைத்து, உரலில் பசையாக இடித்து, பயறுப் பூரணம் வைத்து உருட்டுவது. அந்த ஊரில் மோச்சி இல்லாமல் புத்தாண்டு கிடையாது.

கென்சோ பெரிய மரச் சம்மட்டியால் இடிப்பான். ஒவ்வொரு இடிக்கும் நடுவில் ஒதானே உரலுக்குள் கைவிட்டு, சுடச்சுட மாவைப் புரட்டிப் போடுவாள். கையை எடுத்ததும் "ஹோய்!" என்பாள். அந்தக் குரல் கேட்டபிறகுதான் அவன் அடுத்த இடி போடுவான்.

அந்த வருஷக் கடைசியில் ஊரே மோச்சி கேட்டது. இடித்து இடித்து இருவருக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. களைத்த வாய் சும்மா இருக்குமா?

"சம்மட்டி தூக்குற எனக்குத்தான் உயிர் போகுது. உனக்கென்ன, சும்மா புரட்டறே!" என்றான் கென்சோ.

"சும்மாவா?" ஒதானேக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே உங்ககூட ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளுங்க!"

"பேச வேண்டாம், போ!"

ஆனால் அரிசி வெந்துவிட்டதே, ஆற விடலாமா? வாயை இறுக மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் உரல் அரிசி, கை பழகிய பழக்கத்தில் எப்படியோ முடிந்தது.

இரண்டாவது உரலில், சம்மட்டி அவள் சட்டைக் கையை உரசிக்கொண்டு இறங்கியது. அவனை முறைத்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகியிருப்பேன்!

மூன்றாவது உரலில், மாவு அவள் விரலில் அப்பிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. "இருங்க" என்று ஒரு சொல் போதும். அது தொண்டை வரை வந்தது. நானா முதலில் பேசுவது என்று விழுங்கிவிட்டாள். கை வெளியே வந்திருக்கும் என்று நினைத்து, கென்சோ இடித்துவிட்டான்.

இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின.

"ஐயோ! இருங்கன்னு ஏன் சொல்லல?" என்று அவன் அலறினான்.

"கைய எடுத்தியான்னு நீங்க ஏன் கேக்கல?" என்று அவள் அழுதாள்.

அந்த வருஷம் ஊரார் வெறும் தேநீரோடு புத்தாண்டைக் கழித்தார்கள். காயம் ஆறியது, ஆனால் அந்த இரண்டு விரல்களும் அதன்பிறகு மடங்கவே இல்லை.

எவ்வளவு களைத்தாலும், எவ்வளவு கோபம் வந்தாலும், கூடி வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேச்சை மட்டும் நிறுத்தக் கூடாது.