எஞ்சினுக்குக் காட்டிய சாம்பிராணி

மரகதவல்லியின் ஒர்க்‌ஷாப்பில் தாவூத்தான் சீடர். வயதில் அவளைவிட மூத்தவர். லாரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவார். சென்சார் என்றால் மட்டும் தடுமாறுவார். அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு மாலை, டாக்சிக்காரர் சடகோபன் வந்தார். மேட்டில் ஏறினால் வண்டி திணறி நின்றுவிடுகிறதாம். மறுநாள் காலை அவர் மனைவிக்கு மதுரையில் டயாலிசிஸ்.

"இந்த வண்டிய நம்பித்தாம்மா அவ உசுரு ஓடுது" என்றார்.

தாவூத் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"ஏர் ஃப்ளோ சென்சார் மாஸ்டர். புதுசு போட்டுரலாமா?"

"புதுசு வர நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும். மொதல்ல அது பொய் சொல்லுதான்னு பாப்போம்."

சென்சாரின் பிளக்கை உருவினாள். குலுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் சீரானது. வண்டியை அணைத்து, சென்சாரைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க பாய்."

"என்ன மாஸ்டர், தர்கா வாசம் அடிக்குது?"

இருவரும் சடகோபனைப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுவேன். ஃபில்டரக் கழட்டிட்டு, வண்டிய ஓடவிட்டு..." இழுத்தார். "மூக்குல காட்டினாத்தானே உள்ள போகும்?"

நன்றாகவே போயிருந்தது. உள்ளே வரும் காற்றை அளக்கிற கம்பி முடியைவிட மெல்லியது. அதன்மேல் புகை பிசினாகப் படிந்திருந்தது.

தாவூத் துடைக்கத் துணியை எடுத்தார். அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"தொடக் கூடாது பாய்."

தள்ளி நின்று, அழுக்கைக் கரைக்கும் ஸ்பிரே அடித்தாள். காயும்வரை காத்திருந்து மாட்டினாள். வண்டி மேட்டில் நிற்காமல் ஏறியது. சடகோபன் அழுதேவிட்டார்.

காலையில் மனைவியோடு போகிற வழியில் இறங்கி, இருவரையும் கும்பிட்டார்.

"ஒங்க ரெண்டு பேரையும் மறக்கமாட்டேன். இனிமே சாம்பிராணிப் பக்கமே போகமாட்டேம்மா."

தாவூத்துக்கு மனசு கேட்கவில்லை. பாவம், பாசத்தில் செய்த மனிதர்.

"வண்டிக்கு நன்றி காட்டினது ஒரு குத்தமா மாஸ்டர்?"

மரகதவல்லி காருக்குப் பக்கத்தில் போனாள். நான்கு கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பின்சீட்டில் அந்த அம்மா சால்வை, மஃப்ளர், அதற்கும் மேல் ஒரு போர்வை என்று வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். எல்லாம் சடகோபன் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

"கும்பிட்டது போதும்ணே" என்றாள். "அக்கா பக்கத்துக் கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி விடுங்க."