பரிசல்காரர் வீட்டுக் கண்

பொருள்களுக்கும் வாய் இருந்த காலம் அது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பூவலிங்கம் என்று ஒரு பரிசல்காரர் இருந்தார். ஊர்ச்சனத்தை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. பரிசலில் கால் வைக்கும்போதுதான் ஒரு மனுஷனின் உண்மையான நடை தெரியும் என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே, ஊரில் யாரை வேண்டுமானாலும் நடித்துக் காட்டும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

நடிப்பதெல்லாம் வீட்டுக்குள்தான். அதுவும் ஒரே ஒருத்திக்காக. அவர் மனைவி கனகமணி வயலில் களையெடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் சுவரில் சாய்ந்ததும் பூவலிங்கம் எழுந்து கதவைச் சாத்துவார். அப்புறம் அந்த வீட்டுக்குள் ஊர்த்தலைவர் பரிசல் ஏறுவார்.

தலைவருக்குத் தண்ணீர் என்றால் பயம். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது. ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பார். துண்டைச் சரிசெய்வதுபோல மறு கையால் பரிசல்காரரின் தோளைக் கெட்டியாகப் பற்றுவார். பிறகு ஆற்றைப் பார்த்து, "ஆடாம நில்லு" என்று அதட்டுவார். பூவலிங்கம் அந்த இடத்துக்கு வரும்போது கனகமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்துவிடுவாள். இடுப்புவலி போன இடம் தெரியாது.

அந்த வருஷம் ஊரில் ஆடுகள் களவு போயின. சனங்கள் திரண்டு போய்த் தலைவர் வாசலில் நின்றார்கள். "ஏதாவது செய்யுங்க" என்று கேட்டவர்களில் பூவலிங்கமும் ஒருவர்.

தலைவர் செய்தார். வீட்டுக்கு ஒன்றாகப் பளிங்குக் கண்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இமை உண்டு. பகலெல்லாம் சுவரில் இருந்து பார்க்கும். அந்தி சாய்ந்ததும் இமையை அடித்து அடித்து, ஊர்ச் சாவடி உச்சியில் இருந்த பெரிய கண்ணிடம் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லும். பெரிய கண் தலைவரிடம் சொல்லும்.

பூவலிங்கம் வீட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்த கண் மரியாதையாகவே பேசியது.

"வணக்கம். நான் இருப்பதையே நீங்கள் மறந்துவிடலாம். வழக்கம்போல இருங்கள். தவறு செய்யாதவர்களுக்கு என்னால் ஒரு தொந்தரவும் இல்லை."

"ஆடு திருடுறவனைத்தானே பாக்கப் போற?" என்று கேட்டாள் கனகமணி.

"எல்லாவற்றையும் பார்ப்பேன். எது தவறு என்று முடிவு செய்வது என் வேலை இல்லை."

எதிர்ச் சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி குறுக்கே பேசியது. "நானும்தான் ரொம்ப வருஷமா பாக்குறேன். ஆனா எதையும் வெச்சுக்கிறதில்ல. ஆள் நகர்ந்தா அதோட விட்டுடுவேன்."

"அது உன் குறை" என்றது கண்.

அன்று சாயங்காலம் கனகமணி வந்து சுவரில் சாய்ந்தாள். பூவலிங்கம் பழக்கத்தில் எழுந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவீட்டுக்கு வராமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்குத் துடுப்பு போட்டதுல கை வலிக்குது" என்றார்.

அடுத்த தெரு அரசப்பன் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே, "வாய்க்கால் தண்ணி பூராவும் தலைவர் வயலுக்கே போகுது" என்று தன் வீட்டுக்குள் சொன்னார். அடுத்த முறை வாய்க்கால் திறந்தபோது அவர் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சிரிக்கக் கூடாது என்று ஊரில் யாரும் சட்டம் போடவில்லை. பாடக் கூடாது, சண்டை போடக் கூடாது என்றும் சொல்லவில்லை. சனங்கள் தாங்களாகவே ஒவ்வொன்றாக விட்டார்கள். காணாமல் போன ஆடுகள் என்னவோ திரும்பி வரவேயில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பூவலிங்கம், "தலைவர் புண்ணியத்துல இந்த வருஷம் நல்ல மழை" என்றார்.

கனகமணி சட்டென்று நிமிர்ந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு நடிக்க ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நடிக்கவில்லை.

கண்ணுக்கும் சலித்துப்போயிற்று. இந்த வீட்டில் அது பார்ப்பதெல்லாம் உண்பது, உறங்குவது, விளக்கேற்றுவது. பக்கத்து வீட்டிலும் இதேதான் என்று பெரிய கண்ணின் பேச்சிலிருந்து தெரிந்தது. ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அது கதவைக் கூப்பிட்டது.

"நீ ஏன் இப்படி முகம் வாடி நிற்கிறாய்?"

"என்னைச் சாத்தினா வீடு, தெறந்தா தெரு. அப்படித்தான் இருந்தேன்" என்றது கதவு. "நீ வந்தப்புறம் ரெண்டு பக்கமும் தெருதான்."

"நான் வருவதற்கு முன் இங்கே என்ன நடந்தது?"

"சிரிப்பு."

"எதற்காகச் சிரித்தார்கள்?"

"நான் தெருவைப் பாத்து நிக்கிறவன். எனக்கென்ன தெரியும்? சிரிப்பு வந்து முதுகுல மோதும். நல்லா இருக்கும்."

கண்ணுக்கு ஏக்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் பார்க்கத்தான் அதை இங்கே வைத்தார்கள். அது வந்து உட்கார்ந்த உடனேயே, பார்க்க வேண்டியது எழுந்து போய்விட்டிருக்கிறது. சாயங்காலம் பூவலிங்கத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"எனக்கு ஒரே ஒருமுறை நடித்துக் காட்டுவீர்களா? யாரிடமும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்னு சொல்றதும் நீதானே" என்றார் அவர்.

கண் யோசித்தது. "சரி, நான் பார்க்கவே வேண்டாம். உங்கள் மனைவிக்காகவாவது செய்யுங்கள். இதோ, மூடிக்கொண்டேன்."

இமை இறங்கி ஒட்டிக்கொண்டது. பூவலிங்கம் அதன் முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். அசைவில்லை. கதவு சாத்தியிருந்தது. கனகமணி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் நடுவீட்டில் வந்து நின்று, வேட்டியைத் தூக்கக் கையைக் கொண்டுபோனார். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். "வரமாட்டேங்குது கனகு. அது தூங்கினாலும் எனக்குள்ள ஒண்ணு முழிச்சிட்டே இருக்கு."

கனகமணி அவர் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்தாள். பிறகு எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். சுவரைப் பார்த்து, "ஏ கண்ணு, தெற" என்றாள்.

"கனகு, வேணாம்."

"தெறந்து பாருன்னேன்."

கண் திறந்தது. கனகமணி தலைவராகப் பரிசல் ஏறினாள். அவளுக்கு நடிக்க வரவில்லை. சேற்றைத் தாண்டப் பயந்த கோழிமாதிரி இருந்தது அந்த நடை. பூவலிங்கத்தின் தோளைப் பிடிக்க வேண்டிய கை அவர் காதைப் பிடித்தது. "ஆடாம நில்லு" என்று அதட்டியபோது குரல் கிறீச்சிட்டது. பூவலிங்கம் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முகத்தைத் திருப்பிப் பார்த்தார், அதற்கு மேல் முடியவில்லை. தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

கண் இமைக்கவே இல்லை.

அந்தியில் பெரிய கண் கேட்டது. "பரிசல்காரர் வீட்டில் இன்று என்ன?"

"சாப்பிட்டார்கள். விளக்கேற்றினார்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக் கண் சொல்கிறதே."

கண் இமையை மூடிக்கொண்டது. பெரிய கண் எத்தனை முறை அழைத்தும் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் சாவடி ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். சுவரிலிருந்து கண்ணைப் பெயர்த்துச் சாக்கில் போட்டார்கள். பரிசல் துடுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். "இனிமே வேற ஆள் ஓட்டுவான்" என்றதோடு சரி, காரணம் சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கட்டும் முன் கண் கனகமணியிடம் மெல்லச் சொன்னது.

"நான் பார்த்ததெல்லாம் இதுவரை மற்றவர்களுக்காகத்தான். எனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஒன்று இருக்கிறது."

அதே இடத்தில் புதிய கண் ஒன்றைப் பதித்தார்கள். இதற்கு இமை வைக்கவில்லை; இது பார்ப்பதைப் பெரிய கண் அப்போதே பார்த்துவிடும்.

துடுப்பு போன பிறகு பூவலிங்கமும் மனைவியோடு களையெடுக்கப் போனார். சாயங்காலம் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"வணக்கம்" என்றது புதிய கண். "நான் இருப்பதையே நீங்கள் மறந்துவிடலாம்."

"மறக்கலையே. நீ இருக்கன்னு தெரியும்" என்றாள் கனகமணி.

பூவலிங்கம் எழுந்தார். அவருக்குள் விழித்துக்கொண்டிருந்தது இன்னும் விழித்துத்தான் இருந்தது. அதுவும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். இந்த முறை கை பாதி வழியில் நிற்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலைவராகப் பரிசல் ஏறினார். கனகமணி சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலும் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்ட சத்தம் கேட்டது.

கதவுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது. முதுகில் வந்து மோதியது பழைய சிரிப்பு இல்லை. பழைய சிரிப்புக்குத் தைரியம் தேவைப்பட்டதில்லை.