கடைசி வரிசை

கஸ்பாருக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியை நப்பின்னைக்கு அவரைவிடப் பதினான்கு வயது குறைவு. அவர் 'மேடம்' என்பார். அவள் 'சார்' என்பாள்.

கிரேனில் தொங்கும் பெட்டி ஆடும். அந்த ஆட்டத்தை மேலே உள்ள கேமரா அளக்கும். காற்று, அதிர்வு, வெயிலின் கூச்சம் எல்லாம் அந்த அளவில் கலந்துவிடும். அவற்றை வடிகட்டி, உண்மையான ஆட்டம் இவ்வளவுதான் என்று கிரேனுக்குச் சொல்லும் ஃபில்டர் என்ற கணினி நிரல் ஒன்றை கஸ்பார் உருவாக்கியிருந்தார். நானூறு முறை சோதித்ததில் சராசரிப் பிழை அரை டிகிரி. துறைமுகத்தில் எல்லோரும் மெச்சினார்கள்.

அதைக் கிரேனில் பொருத்திய பதினோராம் நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே பெரிய பையில் எண்ணெய். எடை ஒரு பக்கமாக நில்லாமல் அலைந்தது. ஃபில்டர் சொன்ன ஆட்டம் ஒன்று, பெட்டி ஆடியது வேறு. அடக்கப் போன கிரேன் ஆட்டத்தைக் கூட்டிவிட்டது. கீழே நின்ற உச்சிமாகாளி என்ற தொழிலாளிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அதன் பிறகு கஸ்பாரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மருத்துவமனைக்குப் போவார், வாசலோடு திரும்பிவிடுவார். ஒன்பது நாளில் ஃபில்டரைப் பதினாறு தடவை மாற்றினார். கடைசியில் நப்பின்னையின் அறைக்கு வந்து, நின்றபடியே பேசினார். ஒவ்வொரு பெட்டிக்கும் எடைமானி வைக்க வேண்டும், கயிற்றின் நீளத்தை இன்னும் துல்லியமாக அளக்க வேண்டும், எல்லாம் சரியாகத் தெரிந்துவிட்டால் இப்படி நடக்காது என்றார்.

அவள் நானூறு சோதனைகளின் அட்டவணையைக் கேட்டாள். பிழை ஏறும் வரிசையில் அதை அடுக்கச் சொன்னாள். அச்செடுத்த தாள்களில் பிழை மிக அதிகமாக இருந்த கடைசி ஒரு வரியை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தால் மூடினாள்.

"இதுக்கு மட்டும் ஒண்ணு செஞ்சுட்டு வாங்க, சார்."

மூன்றாம் நாள் செய்துகொண்டு வந்தார். அந்த வரியின் பிழை குறைந்திருந்தது. ஆனால் வேறொரு வரி கடைசிக்கு இறங்கியிருந்தது. அவள் அதை மட்டும் விட்டு மற்றதை மூடினாள்.

இப்படியே ஐந்து வாரம் போனது. கஸ்பார் தாடியை மழிக்க மறந்தார். சாப்பாட்டுத் தட்டில் விரலால் வரைபடம் போடுகிறார் என்று அவர் மனைவி ரெஜினா வருத்தப்பட்டாள். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பியது.

ஒரு மாலை வந்து தாளை மேசையில் வைத்தார்.

"இனி எதைத் தொட்டாலும் கடைசி வரியோட பிழை ஏறுது மேடம். இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேங்குது."

"மத்ததெல்லாம்?"

"எல்லாமே பழசைவிட மோசம். ஒண்ணுகூட அழகா இல்லை. வேகமும் குறைஞ்சிடுச்சு. முதல்ல செஞ்சது எவ்வளவு நல்லா இருந்தது."

அவள் தாளில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள்; எந்த வரியும் இரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. புது ஃபில்டரைச் சோதிக்க நாள் கேட்டுத் துறைமுகத்துக்குக் கடிதம் எழுதினாள்.

சோதனை நாளில் கஸ்பார் ஏழு பெட்டிகளை எடை பார்த்து, தூக்க வேண்டிய வரிசையையும் எழுதி வந்திருந்தார். அவள் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். முற்றத்தில் கிடக்கும் எந்த ஏழு பெட்டியையும் தன் விருப்பத்துக்குத் தூக்கும்படி கிரேன் ஓட்டுபவரிடம் சொன்னாள். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தொழிலாளிகள் நிற்கும் மஞ்சள் கோட்டுக்குப் போனாள்.

கஸ்பார் பின்னாலேயே ஓடினார்.

"எது வருதுன்னு தெரியாம எப்படி மேடம்?"

அவள் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் நிற்பதைத் தவிர வழியில்லை.

முதல் பெட்டி எழும்பியது, ஆடியது. கோட்டுக்கு மூன்று முழம் முன்பே ஆட்டம் தணிந்தது. இரண்டாவது அதிகமாக ஆடி, மெதுவாக அடங்கியது. ஐந்தாவது பெட்டிக்குள் ஏதோ சரியும் சத்தம் கேட்டது. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பெட்டி தரையில் இருந்தது.

ஏழும் இறங்கின. சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கஸ்பார் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"எந்தெந்தப் பெட்டி என்ன எடைன்னு இப்பவாவது கேட்டு எழுதிக்கட்டுமா மேடம்?"

நப்பின்னை தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"தெரியாமத்தானே சார் நின்னீங்க?"